வெயில் ஊரில் பெய்த பனி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவின் ரத்த அழுத்தமும் நலம், ஏனென்றால் மனசு லேசாக இருக்கிற நாளில் மட்டும்தான் அவர் அதை அளக்கிறார். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே பேனாவை எடுத்தேன். போன தடவை போனில், ரிட்டையர் ஆகப்போற நேரத்துல எதுக்கும்மா வம்பு, கையெழுத்தப் போட்டுட்டு கம்முனு இரு என்றாயே, அதற்குப் பதிலை வாயால் சொன்னால் பாதியில் குறுக்கே விழுவாய். கடிதத்தில் உன் ஜம்பம் பலிக்காது பார்.

எங்கள் ஆற்றுநீர் ஆபீசில் குளிர் தேசத்திலிருந்து ஒரு மாடல் வாங்கினார்கள் அல்லவா, மழைக் கணக்கைக் கொடுத்தால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கம்ப்யூட்டரில் சொல்லுமே, அதேதான். பழைய வருஷங்களைக் காட்டி, உள்ளே இருக்கிற எண்களைத் திருகித் திருகி அதைப் பழக்க வேண்டும், பிறகு கண்ணில் காட்டாத ஒரு வருஷத்தைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். எந்தத் தெருவுக்கு வெள்ளச் சைரன் வேண்டும், எந்தத் தெருவுக்கு வேண்டாம் என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். நான் பெருவெள்ளம் வந்த வருஷத்தைச் சோதனைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். பழக்கிய வருஷங்களில் மாடல் தொண்ணூறு மார்க் வாங்கியதும் டைரக்டர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் நான் வெள்ள வருஷத்தைக் கொடுத்தேன். உன் தங்கை கைக்குழந்தையோடு குடியிருக்கிறாளே, அந்த ஆற்றோரத் தெருவில் கணுக்கால்கூட நனையாது என்றது. அந்த வருஷம் அங்கே ஜன்னல் வரை தண்ணீர் நின்றதை இந்தக் கண்ணாலே பார்த்தவள் நான்.

உள்ளே திறந்து பார்த்தால், ஐயோ, சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. குளிர் தேசத்து மாடல் ஆகையால், எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் மழை பனியாக விழும் என்று அதில் ஓர் எண் உண்டு. எங்கள் புது எஞ்சினியர் எந்த எண்ணுக்கும் எல்லை வைக்காமல், தானே சரிசெய்துகொள்ளட்டும் என்று கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். அதுவும் சமர்த்தாக இருபத்தாறு டிகிரி என்று வைத்துக்கொண்டது. அதாவது மின்விசிறி நின்றால் உயிர் போகிற இந்த ஊரில், மலையில் பெய்கிற மழையில் பாதி பனியாக உறைந்து, அவசரமே இல்லாமல் உருகி, ஆற்றுக்கு நடைபோட்டு வருகிறது. சின்ன மழையின் தண்ணீரை மலை மண்ணே குடித்துவிடுவதால் அதற்கு இந்தத் தில்லுமுல்லு பொருந்திவிட்டது, பெருமழையில்தான் குட்டு வெளிப்பட்டது. டைரக்டரிடம் சொன்னேன். மார்க் வருதே மேடம், பனி பெஞ்சா என்ன, பஞ்சு பறந்தா என்ன, அந்த வெள்ள வருஷம் ஒரு விதிவிலக்கு, அறிக்கைலேர்ந்து எடுத்துடுங்க என்றார். ஆக, வெள்ளம் வந்த வருஷம் தவிர மற்ற எல்லா வருஷமும் அருமையாக வேலை செய்யும் வெள்ள எச்சரிக்கை மாடல் எங்களுக்குக் கிடைத்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. அவரே போட்டுக்கொண்டு, என்னை ஸ்டோர் ரூமில் உடைந்த மழைமானிகளுக்குக் காவலாக உட்கார வைத்தார். உன் தங்கையிடம் சாமான்களை மேலே ஏற்று என்றால், உங்க ஆபீஸ் வரைபடத்துலேயே எங்க தெரு பச்சை, சைரனே வேண்டாம்னு போட்டிருக்கு, நீ ஏம்மா சும்மா பயமுறுத்துற என்கிறாள். எனக்கு வானம் கறுத்தாலே சோறு இறங்கவில்லை.

போன திங்கட்கிழமை டைரக்டர் ஸ்டோர் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினார். என் பொண்ணு அந்த ஆத்தோரத் தெருவுல கீழ் வீடு ஒண்ணு பாத்திருக்கா மேடம், வாங்கலாமா, உங்களுக்குத்தான் அந்த ஆறு நல்லாத் தெரியும் என்று இழுத்தார். உங்க அறிக்கைல பச்சைதானே சார், தாராளமா வாங்கச் சொல்லுங்க என்றேன். மனுஷர் ஒரு மழைமானியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே நின்றார். பாவமாகத்தான் இருந்தது, அவரும் பெண்ணைப் பெற்றவர்தானே. கடைசியில், அந்தப் பனிய எடுத்துட்டு ஓட்டிப் பாக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

அச்சுப்பிழை காரணமாக அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. பனியை எடுத்து, மலை மண் தண்ணீரைக் குடித்துவிடுகிற வேகத்தை ஒழுங்காகப் போட்டுப் பழக்கினேன். எழுபத்தெட்டு மார்க்தான், டீ வரவில்லை. ஆனால் வெள்ள வருஷத்தைக் கொடுத்ததும் தண்ணீர் ஜன்னலைத் தொட்டது. தெரு சிவப்பாயிற்று. நான் இன்னும் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறேன், நல்ல காற்று வருகிறது.

நேற்று அந்தத் தெருவில் சைரன் கம்பம் நட்டார்கள். சரியாக உன் தங்கை வீட்டு வாசலில். ஊதிப் பார்த்ததில் குழந்தை தூக்கிவாரிப்போட்டு எழுந்ததாம். போனில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். பின்னால் பேத்தி வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். திட்டு வாங்கிக்கொண்டே நான் கேட்டது ஒன்றுதான், கதவு சாத்தியிருந்ததா என்று. சாத்தித்தான் இருந்தது, அப்படியும் காது கிழிஞ்சுது என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன்டா, அப்படி ஒரு நிம்மதி.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருங்கள். போனில் சொன்னாயே, அந்தப் பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் போய்ப் பார்.

என்றைக்கும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா