உமி நொறுங்காத பார்லி

ஐப்பசி 12, செவ்வாய்

காலையில் மாப்பிள்ளை தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி என் மாவு மில்லுக்கு வந்தார். கையில் ஐந்து கிலோ பார்லி, முளைகட்டிக் காயவைத்தது.

“அம்மாவுக்குக் கால் வீக்கம் அத்தை, கஞ்சி வைக்கணும். மாவாக்கிடாதீக, ஒண்ணு ரெண்டா உடைச்சாப் போதும். உமி மட்டும் நொறுங்கக் கூடாது.”

இருபது வருஷமாக மில் ஓட்டுகிறேன். உமியோடு கஞ்சி குடிக்கிற ஆளை இன்னும் பார்க்கவில்லை. தேவகோட்டையில் மில்லே இல்லையா? மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? சொன்னபடியே உடைத்துக் கொடுத்தேன்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பைக்குள் ஒரு சீட்டைப் பார்த்தேன். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் என்று எழுதியிருந்தது. போனில் தேடினேன். முளைகட்டிய பார்லிக்குத்தான் மால்ட் என்று பெயராம். ஹாப்ஸ் என்பது கசப்புக்குப் போடுகிற பூ. ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்தால் பீர். உமி முழுசாக இருந்தால்தான் ஊறல் அடைக்காமல் வடியுமாம்.

இனிக் குடிக்கமாட்டேன் என்று குன்றக்குடி முருகன் முன்னால் சத்தியம் செய்த மனுஷன். அதற்கு ஆறு மாதங்கூட ஆகவில்லை.

அவர் கிளம்பியதும் மகளுக்குப் போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “மாப்பிள்ளை வந்துட்டுப் போனாக” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும்மா” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “உமி நொறுங்காமத்தான உடைச்சுக் குடுத்த?”

அவரைச் சத்தியம் செய்ய வைத்ததே இவள்தான். அப்படியென்றால் இது யார் குடிப்பதற்கு?