எண்ணிக்கைத் தாளின் பின்பக்கம்

மார்ச் 4, திங்கள்

பல் வலி. வைத்தியரிடம் போக நேரமில்லை. டெண்டர் கொடுக்க இன்னும் மூன்று வாரம்.

நகருக்குள் இலகு ரயில் பாதை போட்டு, முப்பது வருடம் ஓட்டியும் தர வேண்டும். எங்களுடையது மூன்று கம்பெனிக் கூட்டணி. ஒருவர் தண்டவாளம், ஒருவர் பெட்டி, ஓட்டுவது நாங்கள். காபிக்கு எத்தனை சர்க்கரை என்பதில்கூட மூவரும் ஒத்துப்போவதில்லை. தினமும் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று சொல்வது என் வேலை. எண்ணிக்கை கூடினால் அரசிடம் கேட்கும் மானியம் குறையும். குறைவாகக் கேட்பவருக்கே டெண்டர். எனக்கென்ன ஜோசியமா தெரியும்? ஆனாலும் சொல்லி, கையெழுத்தும் போட வேண்டும்.

மார்ச் 7

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். இன்று அவராகவே வந்தார். "இது கிடைச்சா உங்களுக்கு இங்கேயே வேலைம்மா. முப்பது வருஷம். இனிமே மூட்டை கட்ட வேண்டாம்."

வீட்டில் சொன்னேன். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நிஜமாவா? அப்ப நான் இதே ஸ்கூலா?" என்றாள். ஏழாம் வகுப்புக்குள் நாலு பள்ளி பார்த்துவிட்டாள். ஒவ்வொரு டெண்டரும் கை நழுவ, வேறு ஊர். போன வாரம்தான் முதல்முறையாக ஒரு தோழியை வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

மார்ச் 12

கணக்கு முடிந்தது. நாளுக்கு 62,000 பேர். ஆகட்டும் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மார்ச் 15

ஐயோ.

ரயில் வரப்போகும் ரோட்டில் நிறுத்தத்துக்கு ஒருவராக ஆள் வைத்து பஸ் ஏறுபவர்களை எண்ணியிருந்தோம். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு வேண்டாத அந்தத் தாள்களை மகளுக்குக் கணக்குப் போட்டுப் பழகக் கொடுத்தேன். "அம்மா, பின்னாடி யாரோ எழுதியிருக்காங்க."

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் எண்ணிய தாள். முன்பக்கம் ஐந்தைந்து கோடாக அழகாக இருக்கிறது. பின்பக்கம் பென்சிலில்: "பக்கத்து மெயின் ரோடு குழாய் வேலைக்காக மூடியுள்ளது. அந்த பஸ்களும் இந்த வழியாகத்தான் வருகின்றன. இது இந்த ரோட்டுக் கூட்டம் இல்லை."

எண்ணுவதற்குத் தேதி குறித்தது நான்தான். எந்த ரோடு மூடியிருக்கிறது என்று விசாரிக்கவே இல்லை. எங்கள் தொழிலில் யாரும் தாளைத் திருப்பிப் பார்ப்பதும் இல்லை, எண் முன்பக்கம்தானே இருக்கிறது.

மார்ச் 16

கண்டக்டருக்குப் போன் செய்தேன். "ஆமாம்மா, மூணு வாரம் மூடித்தான் இருந்துச்சு. எழுதி வச்சேனே, பாக்கலையா?"

பாக்கலைங்கய்யா.

மறுபடி கணக்குப் போட்டேன். 38,000.

மார்ச் 18

கதவைச் சாத்திக்கொண்டு ஆகட்டுமிடம் சொன்னேன். பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"மறுபடி எண்ண நாள் இருக்கா?"

இல்லை.

"முப்பத்தெட்டுன்னு போட்டா நம்மளத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. உங்க பேருதான் அந்தக் கணக்குப் பக்கத்துல இருக்கு, நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா ஊர் வளரும்மா. ஆள் வராமலா போயிடும்?"

ஆகட்டும் என்று மட்டும் சொல்லவில்லை, மனுஷன்.

மார்ச் 20

கணவரிடம் சொன்னேன். "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றார். இதற்குத் திட்டியிருக்கலாம். எது சரின்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் செய்ய முடியலைன்னுதானே இவர்கிட்ட வந்தேன்!

மகளை அடுத்த வருடம் கூடைப்பந்து அணிக்குக் கேப்டனாகப் போடுகிறார்களாம். வீடு முழுக்கப் பந்தைத் தட்டிக்கொண்டே திரிகிறாள்.

மார்ச் 25

போட்டுவிட்டேன். எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் சுருக்கொப்பம். 214ஆம் பக்கத்தில் முழுக் கையெழுத்து. 62,000. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

கண்டக்டர் தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூன் 2

கிடைத்துவிட்டது. ஆபீஸில் கேக். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, ஒரு பக்கமாக மென்றேன். மகள் என்னைக் கட்டிக்கொண்டவள் விடவே இல்லை.

ஆகஸ்ட் 19

நாலு வருடமாக அலமாரியின் அடியில் கிடந்த டைரி. உள்ளே கண்டக்டரின் பென்சில் எழுத்து இன்னும் படிக்கும்படிதான் இருக்கிறது.

ரயில் ஓட ஆரம்பித்து ஐந்து மாதம். நாளுக்கு 31,000 பேர். ஏழு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றிருந்ததை இன்று முதல் இருபத்தைந்து நிமிடமாக்கிவிட்டோம். அந்த அறிவிப்பையும் நான்தான் எழுதினேன்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அதே பள்ளி. காலையில் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்க ரயிலை நம்பினா லேட்டாயிடும்மா. நான் மெயின் ரோட்டுல பஸ் பிடிச்சுக்கறேன்."

நிறுத்தம்வரை கூடப் போனேன். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எப்படியோ ஏறி, படியிலிருந்து கையாட்டினாள். பிறகு நான் வேலைக்கு ரயிலில் போனேன். பெட்டியில் என்னைச் சேர்த்துப் பதினொரு பேர். இரண்டு தரம் எண்ணிவிட்டேன்.