ஆடு தேடிப் போன இடம்

ஐப்பசி, வியாழக்கிழமை.

மூன்று மாதக் கரப்பந்துப் பயிற்சி நேற்றோடு முடிந்துவிட்டது. எங்கள் தோட்டத்துப் பெண்களுக்குப் பழக்கிய சேர் வலையையும் பந்தையும் ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அது தெரிந்தும், இன்று தேயிலைக் கொழுந்து நிறுவை முடிந்ததும் தண்ணீர்ப் பீலியில் இடம்பிடிக்க வாளியை வைத்துவிட்டுப் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு நடந்தேன். கால் பழகிவிட்டது, சனியன்.

களத்தில் இரண்டு கம்பங்கள் மட்டும் நின்றன. மகள் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு என்னை யாராவது சத்தம் போட்டுக் கூப்பிட்டது அங்கேதான். "அக்கா, ஒங்க பந்து!" என்று, ஆட்டத்தின் நடுவில்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், மேல் லயத்து வரிசை வீட்டுப் பரமேஸ்வரி வருகிறாள். பயிற்சிக்கு முன்னால் அவளோடு நான் பேசியதே இல்லை.

"என்னக்கா, இங்க?"

"ஆட்டத் தேடி வந்தேன்."

என்னிடம் ஆடு இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

"நானுந்தாங்க்கா," என்றாள். அவளிடமும் இல்லை.

இருட்டும்வரை கம்பங்களுக்குப் பக்கத்தில் நின்றோம். பந்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. போகும்போது அவள்தான் கேட்டாள்: "நாளைக்கும் வந்து தேடிப் பாப்போமா?"

"வாளி பீலியிலயே கெடக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான், "ம், தேடுவோம்" என்றேன்.