மூன்றாம் பாகத்தில் நான் சாகவில்லை

மார்ச் 4, திங்கள்

அந்த அமெரிக்க கௌபாய் படத்தின் மூன்றாம் பாகத்தையும் எங்கள் ஊர் துராங்கோவிலேயே எடுக்கிறார்கள். இதோடு கதை முடிகிறதாம். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு ருஃபீனோ ஓடிவந்தான். "மச்சான், கடையைச் சாத்து! படத்துல கூட்டத்தோட நிக்க ஆள் எடுக்கிறாங்க!"

என் மகள் நயேலி காலைக் கட்டிக்கொண்டாள். "இந்தத் தடவையும் சாவியா அப்பா?"

முதல் பாகத்தில் கூரையிலிருந்து விழுந்து செத்தேன். இரண்டாவதில் மதுக்கடை வாசலில். அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போதும் ஏழு வயதுதானே! விரல்களைச் சிலுவையாக வைத்து முத்தமிட்டு, "சாகவே மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டேன்.

மார்ச் 6

எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் எடுக்கிற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கதான் ரெண்டு தடவை செத்தாச்சே?" என்றாள். என்ன நியாயம் இது!

மார்ச் 7

மீசையை எடுத்துவிட்டேன். இருபது வருட மீசை. "இறகு பிடுங்கின கோழி மாதிரி இருக்கே" என்று மரிசேலா சிரித்த சிரிப்பு இருக்கிறதே — கட்டின பெண்டாட்டி பேசுகிற பேச்சா?

ஆனால் எடுத்துக்கொண்டார்கள்! கழுதையோடு தெருவைக் கடக்க வேண்டும்.

மார்ச் 19

கழுதை நடந்தது. நானும் நடந்தேன்.

மார்ச் 22

கடைசிச் சண்டையில் சாக வேண்டியவருக்குக் கால் சுளுக்கு. இயக்குநர் நேரே என்னிடம் வந்தார். கதாநாயகன் மடியில் தலைவைத்துச் சாக வேண்டுமாம். திரை முழுக்க என் முகம். வசனம் வேறு! இத்தனை வருடம் இதற்காகத்தானே கூரையிலிருந்தெல்லாம் விழுந்தேன்?

ஆனால் நயேலி...

"முடியாதுங்க" என்றேன். நானா சொன்னேன்?

"நான் சாகிறேன் சார்!" என்று ருஃபீனோ கையைத் தூக்கினான். "உனக்கென்ன கிறுக்கா மச்சான்?" என்று என் காதில் கேட்டுவிட்டு ஓடினான், பாவி. வயிறு எரிகிறது. எழுதினால் ஆறும் என்று பார்த்தேன். ஆறவில்லை.

மார்ச் 23

ருஃபீனோ ஒன்பது முறை செத்தான். நன்றாகத்தான் சாகிறான், சனியன். பின்னால் நான் கழுதையோடு கடந்து போனேன்.

நவம்பர் 16, சனி

தெருவே படத்துக்குப் போனோம். ருஃபீனோ செத்தபோது மொத்தக் கொட்டகையும் அழுதது. மரிசேலாகூட மூக்கைச் சிந்தினாள். அவன் தலைக்குப் பின்னால் நான்கு விநாடி நான், முழு உயிரோடு! "பாத்தியா? அப்பா சாகல!" என்று நயேலியை இடித்தேன்.

சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தேன், கையால் தள்ளிவிட்டாள். வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தாள்.

"ருஃபீனோ மாமா அங்க செத்துட்டிருந்தாரு. நீ பாட்டுக்குப் போயிட்டே."

"அடியே, அது சினிமாடி!"

"அடுத்த பாகத்துல நின்னு அவரைக் காப்பாத்து. நீ செத்தாலும் பரவாயில்ல."

சரி என்று தலையாட்டினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

காலையிலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ருஃபீனோ முன்னால் நிறுத்திவிட்டாள். "மன்னிப்புக் கேளுப்பா."

கேட்டேன். அவன் என் தோளில் கை வைத்து, கண்ணில் நீர் தளும்ப, "போகட்டும் விடு மச்சான்" என்றான். நயேலி விம்மினாள்.

படத்தில் நடித்ததைவிட நன்றாகவே நடித்தான்.