ஈஸ்டர் தள்ளிவைக்கப்பட்ட வீடு

பிப்ரவரி 27, 2025, வியாழன்

காலையில் பாப்கார்ன் உப்புமா.

இந்த உப்புமாவுக்குக் காரணம் என் வீட்டுக்காரர் பிரிட்டோ. டிசம்பரில் பாப்கார்ன் மெஷின் வாங்கினார். கூடவே தள்ளுவண்டி, ஜெனரேட்டர். செஞ்சிக் கோட்டைக்கு ஸ்கூல் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், பஸ்ஸுக்கு ஐம்பது பிள்ளை, பிள்ளைக்கு இருபது ரூபாய் என்று காலண்டர் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் குரங்கைச் சேர்க்கவில்லை. நான்காம் நாள் ஒரு கிழட்டுக் குரங்கு மெஷினுக்குள் கையை விட்டுச் சுட்டுக்கொண்டது. அந்த ஆத்திரத்தில் பிரிட்டோவைப் பளாரென்று ஓர் அறை விட்டது. அன்றோடு வியாபாரம் முடிந்தது. மிச்சம்: மெஷின் ஒன்று, சோளம் ஒன்றரை மூட்டை, கடன் அறுபதாயிரம்.

கடன் என்றால் அடகு. அடகு வைத்தது எங்கள் நகையைக்கூட இல்லை. என் நாத்தனார் செல்வராணியின் இரண்டு பவுன் செயின். குவைத்தில் நர்ஸ். போகும்போது என் கையில் கொடுத்து, "உங்க கிட்ட இருந்தா பேங்க்ல இருக்கற மாதிரி அண்ணி" என்றாள். ஜூன் 14 லீவில் வருகிறாள்.

பிரிட்டோ கேட்டார், சரி. பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தது நான்தான். அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மார்ச் 1, சனி

பட்ஜெட் போட்டேன். உரக்கடையில் பில் போடுவதற்கு எனக்கு ஒன்பதாயிரம். லோடு வண்டி ஓட்டிப் பிரிட்டோ கொண்டுவருவது பதினெட்டு, சில மாதம் பதினைந்து. வாடகை, மகள் கீர்த்தனாவின் டியூஷன், பால், கேஸ், அடகு வட்டி தொள்ளாயிரம், கறி, மீன், மொய், "சில்லறை". சில்லறை என்று பிரிட்டோ சொல்வது குவார்ட்டர்.

கையில் நிற்பது ஆயிரத்து இருநூறு. அப்படியானால் அறுபதாயிரத்துக்கு ஐம்பது மாதம். ஜூன் 14க்கு இன்னும் நூற்று ஐந்து நாள்தான்.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல். தவக்காலம் ஆரம்பம். நாற்பது நாளும் கறி, மீன், முட்டை கிடையாது. பிரிட்டோவுக்குச் சில்லறையும் கிடையாது. வருஷா வருஷம் இதில் மட்டும் அவர் நேர்மையான மனிதர்.

மார்ச் 14, வெள்ளி

பக்கத்துத் தெரு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறார்கள். தெருப் பிள்ளைகளோடு பிள்ளையாக, ஐந்தே முக்கால் அடி உயரத்தில், தூக்குச்சட்டியோடு பிரிட்டோ வரிசையில் நின்றாராம். ஊற்றிய பஷீர் பாய், "இன்னா பிரிட்டோ, நீயும் நோன்பா?" என்று கேட்டிருக்கிறார். "எங்களுதும் நோன்புதான் பாய், முடியற நேரம் மட்டும் தெரியல" என்றாராம் இவர்.

கஞ்சி அமிர்தம். ராத்திரிச் சாப்பாடு மிச்சம். ஆனால் உள்ளே கறித்துண்டு! வெள்ளிக்கிழமை வேறு. பொறுக்கி எடுத்தால் ஏழு. தெருநாய்க்கு வைத்தோம், அதற்குத் தவக்காலம் இல்லை. எட்டாவது துண்டைத் தெரியாமல் விழுங்கிவிட்டதாகப் பிரிட்டோ சொன்னார். நம்பிவிட்டதாக நானும் சொன்னேன்.

ஏப்ரல் 19, சனி

நாளை ஈஸ்டர். மிச்சம் பிடித்ததைப் போட்டுவரும் டப்பாவைக் கொட்டி எண்ணினேன். பதினோராயிரத்து நானூறு!

எப்படி? கறி இல்லை, மீன் இல்லை, குவார்ட்டர் இல்லை. தவக்காலத்தில் எங்கள் சனம் கல்யாணம் வைக்காது, அதனால் மொய்யும் இல்லை.

அப்படியானால் — ஏன் இதை நிறுத்த வேண்டும்?

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அறிவித்தேன். செயினை மீட்கும்வரை இந்த வீட்டில் தவக்காலம் தொடரும்.

பிரிட்டோ கையில் ஏற்கெனவே கறிக்கடைக்கான பை இருந்தது. அதை மெதுவாக மடித்து மேஜைமேல் வைத்தார். கீர்த்தனா பதினைந்து வயதுக்கு ரொம்பப் பேசுகிறாள்: "ஊருக்கெல்லாம் உயிர்த்துட்டாரு, நம்ம வூட்டுக்கு மட்டும் இன்னும் கல்லறையிலயே இருக்கணுமா?"

மதியம் சாம்பார். பக்கத்து வீடுகளிலிருந்து வந்த வாசனை இருக்கிறதே, அதை நான் எழுதப்போவதில்லை.

மே 4, ஞாயிறு

பிரிட்டோ ஃபாதரிடம் போய் என்மேல் பிராது கொடுத்துவிட்டார். ஈஸ்டருக்குப் பிறகும் தவக்காலம் இருப்பது பாவமில்லையா என்று கேட்டாராம். ஃபாதர் சிரித்து, "ஒருசந்தி இருக்கறது பாவமில்லப்பா. எதுக்கு இருக்கறோம்னு நமக்குத் தெரிஞ்சா போதும்" என்று அனுப்பிவிட்டார். எதுக்கு என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

வினை வேறு இடத்தில். அதைக் குஞ்சம்மாள் அக்கா கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். எங்கள் தெரு ஜெபக்கூட்டத்துக்குத் தலைவி. அவள் காதில் ஒன்று விழுந்தால் சாயங்காலத்துக்குள் மேல்சித்தாமூர் வரை போய்விடும். நேரே வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஈஸ்டர் முடிஞ்சும் வுடாம இருக்கீங்கன்னா பெரிய வேண்டுதல்தான். யாருக்குன்னு சொல்லாத ரஞ்சனி, சொன்னா பலிக்காது. எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்கும் முப்பத்தொண்ணு ஆவுதே."

செல்வராணி கல்யாணத்துக்காம்! இல்லையென்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் பின்னே எதற்கு என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு

ஜெபக்கூட்டத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஒருத்தி மகனின் போலீஸ் பரீட்சைக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். சீயமங்கலத்திலிருந்து ஒருத்தி பஸ் ஏறி வந்திருந்தாள். எருமை சினை பிடிக்கவில்லையாம். எருமையின் போட்டோவையும் போனில் காட்டினாள். நல்ல எருமைதான்.

உண்டியலில் போடச் சொல்லி ஆளுக்குக் கொஞ்சம் என் கையில் திணித்தார்கள். இரண்டாயிரத்து முந்நூறு. வீட்டில் மூன்று தடவை எண்ணினேன். நான்காவது தடவை எண்ணுவதற்குள் ஓடிப்போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன்.

மே 14, புதன்

மெஷின், வண்டி, ஜெனரேட்டர், மிச்ச சோளம் எல்லாம் இருபத்திரண்டாயிரத்துக்குப் போயிற்று. வாங்கியவர் அவலூர்பேட்டை இளையபெருமாள், அங்கே கடை வைத்திருக்கிறார். "ஏன் விக்கறீங்க?" என்று கேட்டார். "கூட்டம் தாங்கல" என்றார் பிரிட்டோ. குரங்குக் கூட்டம் என்று சொல்லவில்லை. பொய் இல்லைதான்.

இனிமேல் காலையில் இட்லி.

மே 20, செவ்வாய்

செல்வராணி போன் செய்தாள். யாரோ குவைத்துக்கே சேதி சொல்லிவிட்டார்கள்.

"எனக்காகவா அண்ணி? எங்கம்மா இருந்திருந்தாகூட இவ்ளோ பண்ணியிருக்க மாட்டாங்க."

அவள் அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்கு. சொல்லியிருக்கலாமே, அப்போதே சொல்லியிருக்கலாமே! போனை வைத்தபிறகு துளித் தைரியமும் இல்லாமல் சமையலறையில் நின்று, "செல்வராணி, ஒரு விஷயம்" என்று மிக்ஸியிடம் சொல்லிப் பார்த்தேன்.

மே 25, ஞாயிறு

பிரிட்டோ சட்டையில் பிரியாணி வாசனை.

"லோடு ஏத்துன எடத்துல அடிச்சிருக்கும்."

"வெங்காய லோடு ஏத்துனதா சொன்னீங்க?"

"பிரியாணி வெங்காயம்."

நான் போட்ட சத்தத்தை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. "நாலு பேரு பாத்தா நம்ம விரதத்துக்கு இன்னா மரியாதை?" என்று கேட்டேன். எந்த விரதம்? எனக்கே மறந்துபோய்விட்டதா?

ஜூன் 8, ஞாயிறு

வேண்டியது, இந்த மாத வட்டியோடு அறுபதாயிரத்துத் தொள்ளாயிரம். டப்பாவில் பதினோராயிரத்து நானூறு, மெஷின் பணம் இருபத்திரண்டு, ஈஸ்டருக்குப் பிறகு சேர்த்தது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, பிரிட்டோ நெல் லோடுக்குக் கூடுதலாக ஓடியது ஐயாயிரம். மொத்தம் ஐம்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.

பத்தாயிரம் குறைகிறது. இன்னும் ஆறு நாள். யாரிடம் கேட்பது? விரதக் குடும்பம் கடன் கேட்டால் சிரிப்பார்கள்.

ஜூன் 9, திங்கள்

செல்வராணி பத்தாயிரம் அனுப்பியிருக்கிறாள். "வேண்டுதல் முடிக்கறப்ப ஒரு பூசை வைங்க அண்ணி, நாலு ஏழைங்களுக்குச் சாப்பாடு போடுங்க."

பிரிட்டோ விரலால் எண்ணினார். "நாம மூணு பேரு. இன்னும் ஒரு ஏழை வேணும்."

சிரித்துவிட்டேன். பிறகு பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வரவில்லை, அதனால் எல்லோருக்கும் கேட்டது.

ஜூன் 10, செவ்வாய்

மீட்டாச்சு. அவள் காசையும் சேர்த்து. நோட்டில் "செல்வராணிக்குத் தர வேண்டியது 10,000" என்று சிவப்பு மையில் எழுதினேன். கறி, செல்வராணி வரும் அன்றுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஜூன் 14, சனி

வந்துவிட்டாள். இளைத்துப்போயிருந்தாள். ஒரு கிலோ கோழி எடுத்துக் குழம்பு வைத்திருந்தேன். பிரிட்டோ குளித்து, பவுடர் போட்டு, தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். செல்வராணி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நானும் கறி தொடறதில்ல அண்ணி. நீங்க எனக்காக இருக்கறீங்கன்னு கேட்டதிலிருந்து. கல்யாணம் முடிவாகற வரைக்கும் ஒண்ணா இருப்போம்."

பிரிட்டோ கையில் இருந்த கோழிக்கால் அப்படியே அந்தரத்தில் நின்றது. அவள் அதோடு விட்டாளா? நாளைக்குச் செயினைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போய், ஃபாதரிடம் சொல்லி மைக்கில் நன்றி சொல்லப்போகிறாளாம். எங்கள் பேரைச் சொல்லி.

எனக்குத் தாங்கவில்லை. கொட்டிட்டேன். எல்லாத்தையும். மெஷினு, அடகு, கஞ்சி, குஞ்சம்மா, எருமை, அவ பத்தாயிரம் — ஒண்ணு வுடல. இன்னா சொல்லி நிறுத்துனேன்னு எனக்கே தெரியல.

செல்வராணி கேட்டாள்:

"குரங்குக்குப் பாப்கார்ன் போடவா அண்ணி வச்சீங்க என் செயின? அதை என் காசுலயே மீட்டீங்களா?"

தட்டை இழுத்துக்கொண்டாள். சாப்பிட ஆரம்பித்தாள். கோபத்தில் ஒருத்தி அவ்வளவு கோழி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு கால், நெஞ்சு, ஈரல், கடைசியில் சட்டியைச் சாய்த்துக் குழம்பு. கண்ணில் தண்ணீர் வேறு. காரமா, அழுகையா, கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. எண்பத்திரண்டு நாளாகக் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பிரிட்டோ அந்த ஒரு காலையும் அவள் தட்டில் வைத்துவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். அவர் கணக்கு எப்போதும் தப்பு. நூற்று இரண்டு நாள்.

ஜூன் 17, செவ்வாய்

கீர்த்தனாவிடம் மட்டும் பேசுகிறாள். நான் காப்பி வைத்தால் குடிக்கிறாள், டம்ளரைக் கழுவியும் வைக்கிறாள். திட்டினால்கூடப் பரவாயில்லை.

பணக்கடனை வயிற்றைக் கட்டி அடைத்துவிட்டேன். இதை எதை நிறுத்தி அடைப்பது?

ஜூன் 22, ஞாயிறு

என் கணக்கு நோட்டு அவள் கையில். மார்ச்சிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறாள். சிவப்பு மை பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இதையும் குடுத்துடணும். மாசம் ஐந்நூறு. ஆனா கறி தின்னுகினே குடுங்க. கீர்த்தனா கையி குச்சியாட்டம் இருக்குது."

"சரிம்மா."

"குஞ்சம்மாக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். வேண்டுதலு பலிச்சிடுச்சின்னு."

"எது பலிச்சிதுன்னு கேட்டா?"

"எருமைன்னு சொல்றேன்."

அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனால் அண்ணி என்று கூப்பிட்டு ஊறுகாய் கேட்டாள். பாட்டிலோடு எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 9, புதன்

செல்வராணி கிளம்பினாள். செயினைக் கழற்றி மறுபடி எங்கள் பீரோ லாக்கரிலேயே வைத்தாள். வேண்டாம், உன்னோடு எடுத்துக்கொண்டு போ என்று கெஞ்சினேன். "இங்கயே இருக்கட்டும் அண்ணி" என்று அவள் கையாலேயே பூட்டினாள். என் தோடும் கீர்த்தனா வளையலும் அதே லாக்கரில்தான் இருக்கின்றன.

இதற்குப் பிறகும் நம்புகிறாளே. பஸ் போன பின்னும் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 12, சனி

காலையில் செல்வராணியிடமிருந்து சேதி: "செயின் உங்க கிட்ட இருக்கட்டும் அண்ணி. லாக்கர் சாவி என் கிட்ட இருக்கட்டும்." படித்ததும் சுருக்கென்றது. இதுதானா உன் நம்பிக்கை என்று பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

பத்து மணிக்குப் பிரிட்டோ பேப்பரோடு ஓடிவந்தார். செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களாம். ஊரெல்லாம் அதே பேச்சு.

"உலகமே வரப்போவுது ரஞ்சனி! வந்தா தாகம் எடுக்குமா எடுக்காதா? கரும்பு ஜூஸ் மெஷினு, செகண்ட் ஹேண்டு, நாப்பத்தஞ்சாயிரம். கரும்புன்னா குரங்கு..." கொஞ்சம் யோசித்தார். "அதைப் பாத்துக்கலாம்."

பேசிக்கொண்டே என் வெறுங்காதைப் பார்த்தார். பிறகு பீரோவைப் பார்த்தார். பீரோ மேல்தட்டில் கைவிட்டுத் துழாவினார்.

"லாக்கர் சாவி எங்க?"

"குவைத்துல."

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு டிசம்பரிலிருந்து நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கிப்போயிற்று. செல்வராணிக்கு "சரிம்மா, ரொம்ப நல்லது" என்று அனுப்பினேன். பிரிட்டோ கையில் பையைக் கொடுத்து, அரைக் கிலோ கோழி வாங்கிவரச் சொன்னேன்.