மீண்டும் கொட்டிய குப்பை

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

நான் வேலை பார்க்கும் கடற்கரை விடுதியில் விருந்தினர்கள் குப்பை பொறுக்கிப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். நேற்று மீனவப் பெண்கள் விருந்தினர்கள் வருமுன்பே கரையைப் பெருக்கி மூட்டை கட்டிவிட்டார்கள். மேலாளர் அதைத் திரும்பக் கொட்டச் சொன்னார்! பாதியை அலை கொண்டுபோயிற்று. விருந்தினர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

“உங்களுக்கு வேலை வேணுமா வேண்டாமாம்மா?” என்றார் மேலாளர்.

“முதல்ல கடல்ல போனதைப் பொறுக்குங்க தம்பி, அப்புறம் பேசலாம்” என்றேன்.

இன்று என்னை வரவேற்பறையிலிருந்து சலவை அறைக்கு மாற்றிவிட்டார். கவலைப்படாதே, இங்கே ஒருவருக்கும் போர்வை மடிக்கத் தெரியவில்லை.

குப்பை மூட்டைகளை யாரும் திரும்பக் கொட்டாதபடி இனி என் சலவை அறையில் வைப்பதாக அந்தப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். கதவுக்குத்தான் பூட்டில்லை. என் பெரிய பூட்டை அனுப்பு. கூடவே நாலு வரி எழுது. இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

வேலைக்கு மணி அடிக்கிறது.

உன் தங்கை