சுவாதீனம்

ஜூன் 9, திங்கள்

இட்லியை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தால் எங்கள் வீடு வந்திருக்கிறது. முத்தையாபுரம், கதவு எண், நாலு எல்லை, ஜெயகணேஷ், மனைவி இந்துமதி — எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். வங்கி வீட்டைச் 'சுவாதீனம் எடுத்துக்கொண்டது' என்று இருக்கிறது. எப்போது எடுத்தார்கள்? நான் உள்ளேதானே நின்று இட்லி அவித்துக்கொண்டிருக்கிறேன்! வாசலுக்கு வந்தால் கதவிலும் அதே காகிதம். கோலத்தை மிதித்துக்கொண்டு வந்து ஒட்டியிருக்கிறார்கள்.

லாரி வாங்க வீட்டை அடமானம் வைத்தோம். துறைமுகத்தில் ஓட்டம் குறைந்தது, தவணை நின்றது. கடனே இல்லை என்று நான் எங்கேயாவது சொன்னேனா? மார்ச்சில் முதல் நோட்டீஸ் வந்ததும், இவ்வளவு அபராத வட்டி எப்படி வந்தது என்று பதிவுத் தபாலில் கேட்டேன். அதற்கு இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை. பேப்பரில் போட மட்டும் தெரிகிறது.

ஜூன் 10

இவருடைய அண்ணன் காசிலிங்கம் அத்தான் வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டுமாம். மாட்டேன் என்றேன். என்னிடம் பேசாமல் தம்பியிடம் சொல்லுகிறார்: "ஏலே, ஒம் பொண்டாட்டிக்குச் சித்த சுவாதீனம் இருக்கா? ஊர் சிரிக்கதுக்கு முன்ன சாவியக் குடுத்துட்டு மரியாதையா வெளிய வா."

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. வங்கிக்காரன் வீட்டை எடுத்தது போதாதென்று அத்தான் என் புத்தியையும் எடுக்கப் பார்க்கிறார்.

ஜூன் 11

இவர் சாமான் கட்டுகிறார். நான் அவிழ்த்து வைக்கிறேன்.

ஜூன் 12

வக்கீல் அல்போன்சாவைப் போய்ப் பார்த்தேன். பேப்பரைப் படித்துவிட்டு, "வீட்டுக்குள்ள இப்ப யாரு இருக்கா?" என்றார்.

"நாங்கதான்."

"பொறவு என்ன? இது வெறும் காகிதத்துல எடுத்த சுவாதீனம். நீங்க மாட்டேன்னா, ஆளை வெளியேத்த மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேணும். நீங்க எழுதுன ஆட்சேபனைக்கும் பதினஞ்சு நாளுக்குள்ள காரணம் சொல்லிப் பதில் போட்டிருக்கணும். மதுரை தீர்ப்பாயத்துல கேப்போம்."

திரும்பும் வழியெல்லாம் அந்த அறிவிப்பையே திரும்பத் திரும்பப் படித்தேன். அரைப்பக்க அறிவிப்பில் இதை ஒரு வரி மனுசத் தமிழில் போட்டால் மை தீர்ந்தா போகும்? பயந்துபோய் நாமாகவே ஓடிவிட வேண்டும், அதுதானே கணக்கு!

ஜூன் 16

வசூல் ஆட்கள் இரண்டு பேர் பூட்டோடு வந்தார்கள். மாஜிஸ்ட்ரேட் உத்தரவைக் காட்டுங்கள் என்றேன். மூத்தவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அண்ணாச்சி, நீங்க மானஸ்தன். பொம்பளையப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கலாமா?" என்றான்.

அவ்வளவுதான். இவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து நீட்டிவிட்டார். நான் நடுவில் பாய்ந்து பிடுங்கினேன். "எந்தச் சட்டத்துல மானம்னு எழுதியிருக்கு? காட்டுலே!" — என் வாயிலிருந்தா அந்த 'லே' வந்தது? தெருவே கூடிவிட்டது. கூடட்டும். உத்தரவு இல்லாததால் பூட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். இவர் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஜூலை 3

மதுரை. இடைக்காலத் தடை கிடைத்தது. ஆட்சேபனைக்கு ஏன் பதில் இல்லை என்று கேட்டதற்கு வங்கி வக்கீல் அவகாசம் வாங்கினார். கடனில் ஒரு பகுதியை நாங்கள் கட்ட வேண்டும், லாரியை விற்கிறோம். வழக்கு முடியவில்லை. ஆனால் வீட்டில்தான் இருக்கிறோம்.

ஜூலை 6, ஞாயிறு

பின்தெரு பேச்சிச்செல்வி வந்தாள். அவள் வீட்டிலும் போன வாரம் ஒட்டினார்களாம். அதே மூத்தவன். அதே மானம். அவள் புருஷன் இல்லாதவள். ஒரு சொல் எதிர்த்துப் பேசாமல் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள்.

உடனே அல்போன்சாவுக்குப் போன் போட்டேன். வீட்டைத் திருப்பிக் கேட்கலாம், தாமதிக்காமல் கூட்டி வாருங்கள் என்றார். நாளைக்கே போவோம் என்று சொன்னால் பேச்சிச்செல்வி எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள்.

"எப்படிக்கா கேக்கது? அவுங்க பிடுங்கலயே. நான்தான குடுத்தேன்."